வயிறு சுத்தமாக எது? இசப்கோல், சூரணம், விளக்கெண்ணெய், உப்புநீர்: மும்பைத் தமிழர்களுக்கு ஓர் ஒப்பீடு

தாராவியிலோ மாட்டுங்காவிலோ மருந்துக்கடையில் போய் “வயிறு சரியாப் போகல” என்று சொன்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று கைக்கு வரும்: இசப்கோல், ஒரு டப்பா சூரணம், அல்லது லாக்டுலோஸ் சிரப். வீட்டில் பாட்டி விளக்கெண்ணெயை எடுப்பார். யோகா வகுப்பில் உப்புநீர் குடிக்கச் சொல்வார்கள். காசு உள்ளவர்கள் குழாய் வைத்துக் குடலைக் கழுவும் சிகிச்சைக்குப் போகிறார்கள். எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்து மாற்றி மாற்றி எடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் ஒரு கணக்கு. நாளைக்கு மூன்று முறை போவதும் இயல்பு, வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்பு. முக்காமல், வலியில்லாமல், மிச்சம் இருப்பதுபோல் தோன்றாமல் போனால் போதும். பெருங்குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. அதனால் வருடக்கணக்கான கழிவு சுவரில் ஒட்டியிருக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரமே இல்லை. ‘டீடாக்ஸ்’ பொடி குடித்தவர்கள் கயிறுபோல வெளியே வந்ததைக் காட்டிப் பயப்படுவதுண்டு. அது பழைய நச்சு இல்லை, பொடியில் இருந்த நார் தண்ணீரில் ஊறிக் கோழைபோல ஆனதுதான்.

இசப்கோலுக்கே எங்கள் முதல் ஓட்டு. வட குஜராத்தில் விளையும் ஒரு செடியின் விதை உமி இது. குடலைத் தூண்டாது, எரிக்காது. தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்தை மென்மையாக்கிப் பருமனாக்கும். முதல் வாரம் இரவில் ஒரு தேக்கரண்டி, பழகியபின் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம். 250 மில்லி தண்ணீரில் கலக்கிய உடனே குடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் வைத்தால் கூழாகித் தொண்டையில் இறங்காது. மேலே இன்னொரு தம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு, படுப்பதற்கு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். பலர் “இசப்கோல் எடுத்தும் கட்டிக்கிச்சு” என்பதற்குக் காரணம் தண்ணீர் குறைவுதான்: வறண்ட உமி குடலையே அடைக்கும். பலன் தெரிய 12 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். ஒரே இரவில் எதிர்பார்த்து மறுநாளே அளவை இரட்டிப்பாக்கினால் வாயு பிடித்து வயிறு உப்பும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் சுருங்கியிருப்பவர்கள் தொடக்கூடாது.

சூரணத்தின் கதை வேறு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சோனாமுகி என்றோ சனாய் என்றோ இருக்கும். நம்மூர் நிலாவாரைதான் அது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் விளைந்து உலகமெங்கும் போகிற இலை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்ததும் குடல் தசை சுருங்கத் தொடங்கும். அதனால்தான் இரவு சாப்பிட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில், காலையில் முறுக்கிக்கொண்டு போகிறது. ஊர்ப்பயணத்துக்குப் பின் இரண்டு மூன்று நாள் எடுப்பதில் தவறில்லை. வருடக்கணக்கில் தினமும் எடுத்தால் குடலின் உள்தோல் கருத்துப்போகும் (நிறுத்தினால் மெல்ல மாறிவிடும்). பேதி அதிகமானால் பொட்டாசியமும் இறங்கும். ‘மூலிகைதானே’ என்ற தைரியம் இங்கே உதவாது. கடுக்காய், நெல்லி, தான்றி மட்டும் உள்ள திரிபலா இதைவிட மென்மையானது. ஆனால் திரிபலா என்ற பெயரில் சோனாமுகி கலந்தும் விற்கிறார்கள்.

விளக்கெண்ணெய் சிறுகுடலிலேயே வேலையைத் தொடங்கி, 2 முதல் 6 மணி நேரத்தில் பேதியாக்கிவிடும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது, கருப்பையையும் சுருங்க வைக்கும். விடுமுறையில் பிள்ளைகளை மடியில் படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

தினசரி மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு, குறிப்பாக முதியோருக்கு, லாக்டுலோஸ் (ஒரு வேளைக்கு 15 முதல் 30 மில்லி) அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் பொடி (17 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில்) சூரணத்தைவிட நம்பகமானது. இரண்டும் குடலுக்குள் தண்ணீரைத் தக்கவைக்கும். லாக்டுலோஸில் வாயு அதிகம், பொடியில் குறைவு. ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். மில்க் ஆஃப் மக்னீசியா மலிவுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து.

உப்புநீர்க் கிரியையில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு, ஆசனங்களுக்கு நடுவே பதினாறு தம்ளர்வரை குடிக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு லிட்டரிலேயே 10 கிராமுக்குக் குறையாத உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகம் என ஏதாவது தொல்லை இருப்பவர் இதன் பக்கம் போகவே வேண்டாம்.

இயந்திரக் கழுவலை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டோம். குடல் கிழியலாம், உப்புச் சமநிலை குலையலாம், கிருமி தொற்றலாம். 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு சிகிச்சையகத்தின் இயந்திரம் வழியாக அமீபா பரவி 36 பேர் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். குடலை முழுக்கக் காலி செய்ய உண்மையான காரணம் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) போன்ற பரிசோதனைதான். அதற்கு மருத்துவர் தரும் கரைசலே போதும்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சால் எனும் ஒற்றை அறை வீட்டு வரிசைக் குடியிருப்பில் பொதுக் கழிப்பறை வரிசை, பிறகு ஒன்றரை மணி நேர லோக்கல் ரயில், அதில் கழிப்பறையே கிடையாது. வந்த உணர்வை அடக்கினால் குடல் தண்ணீரை மேலும் உறிஞ்சி மலத்தைக் கல்லாக்கும். எழுந்ததும் ஏதாவது சாப்பிட்டால் பெருங்குடல் அசையத் தொடங்கும். எனவே அரை மணி நேரம் முன்னால் எழுந்து, டீயோடு ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு வரிசைக்குப் போங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சாண் உயர மணை போடுங்கள். மைதா பாவுக்குப் (ரொட்டி) பதில் ஜோவர் பாக்ரி (சோள ரொட்டி), மட்கி உசல் (முளைகட்டிய பயறுக் குழம்பு), கொய்யா, சிக்கு (சப்போட்டா). பழம் இரண்டும் 100 கிராமுக்கு 5 கிராமுக்குக் குறையாமல் நார் தரும். நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில ரத்தக்கொதிப்பு மருந்துகளும்கூட மலத்தைக் கட்டும். மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், தார்போலக் கருப்பு, காரணமின்றி எடை குறைவு, 45 வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம் என எது தெரிந்தாலும் மேலே சொன்ன எதையும் வாங்காமல் சயான் மருத்துவமனையிலோ பக்கத்திலுள்ள வேறு மருத்துவமனையிலோ காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தியோடு வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால் அன்றே போக வேண்டும். அந்த நிலையில் பேதி மருந்து எடுத்தால் குடல் கிழியக்கூடும்.