14,800 ரூபாய் போச்சு, கோளாறு 250 ரூபாய் மூடியில்

நேற்று ராத்திரிதான் ஆண்டிப்பட்டி கணவாயிலிருந்து காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மதுரை பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்பார்கள், பெயர் வேண்டாம்.

என் பழைய டீசல் காரில் காலையில் பானட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், அதாவது இன்ஜினிலிருந்து தண்ணீர் வரும் ரப்பர் குழாய், சப்பையாக ஒட்டிக் கிடக்கும், ஓட்டி சூடேறியதும் பழையபடி உப்பிவிடும். அதைத்தான் காட்டினேன். ஓனர் டீ வாங்கிக் கொடுத்து, உள்ளே போய்த் துருப்பிடித்த ஒரு ரேடியேட்டரைத் தூக்கி வந்து, "அண்ணே, உங்க வண்டியும் உள்ளே இப்படித்தான் இருக்கும், சொந்த அண்ணனா நினைச்சுச் சொல்றேன்" என்றார். அந்த 'சொந்த அண்ணன்' என்ற வார்த்தையில் விழுந்தேன். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ரெண்டு ஹோஸ், எல்லாம் சேர்த்து 14,800. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளில் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார், நானும் மடித்துப் பையில் வைத்தேன், அறிவுகெட்டவன்.

நாலாம் நாள் காலையில் மேல் ஹோஸ் மறுபடியும் சப்பை! போன் செய்தால், "புது ஹோஸ்ணே, கொஞ்சம் ஓடினா செட்டாகிடும்." நேரில் போனால் ஓனர் வெளியே போயிருக்கிறார். மறுநாள் போனால், "பழைய வண்டின்னா அப்படித்தான்ணே." 14,800 வாங்கும்போது மட்டும் அது பழைய வண்டியாகத் தெரியவில்லை போல.

நேற்று தேனிக்கு ஒரு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். கணவாய் ஏற்றத்தில் மிதித்து ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் சரசரவென்று சிவப்புக்கு ஏறிவிட்டது. உடனே ஆஃப் செய்ததால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் தப்பியது. உசிலம்பட்டியில் ஒரு வயசான மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் குட்டி வால்வை விரலால் இழுத்துக் காட்டினார், அசையவே இல்லை. இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும், அப்போது அந்த வால்வு திறந்து பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து தண்ணீரை உள்ளே விட வேண்டும், அது சிக்கிக்கொண்டால் உள்ளே காற்றும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஹோஸை உறிஞ்சிவிடுமாம். ரேடியேட்டரை மாற்றியவர்கள் பழைய மூடியையே எடுத்து மாட்டியிருக்கிறார்கள்! புது மூடி 250 ரூபாய்.

அதைவிடக் கொடுமை கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, அமுங்காமல் இருக்க என் வண்டியில் உள்ளே சுருள் கம்பி உண்டு. மாட்டியதில் கம்பி இல்லை, ரேஸ் செய்ததும் அமுங்கித் தண்ணீர் ஓட்டத்தையே அடைத்துவிட்டது.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். ஹோஸ் சப்பையானால் முதலில் மூடியையும் அந்த டப்பாவுக்குப் போகும் சின்ன டியூபையும் பாருங்கள், ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். புது மூடியில் பழையதிலுள்ள அழுத்த எண்ணே இருக்கட்டும். பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அந்தத் துருப்பிடித்த ரேடியேட்டர் யார் வண்டியுடையதோ. ஓனருக்குக் காலையிலிருந்து ஆறு தடவை போன் அடித்துவிட்டேன், ரிங் போகிறது, எடுக்கவில்லை.