மாடித்தோட்ட ஆப்: ஏஐ போனுக்குள்ளேயா, கிளவுடிலா?

எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் விட்டோம், எப்போது உரம் வைத்தோம், இலையில் என்ன வந்திருக்கிறது என்று குறித்துவைக்க நானும் நண்பரும் ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் தெரிந்த வீடுகளில் ஓடுகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு இரண்டு வழி இருந்தது. சின்ன ஏஐ மாடல் ஒன்றைப் படங்கள் காட்டிப் பயிற்றுவித்துப் போனுக்குள்ளேயே வைத்துவிடலாம். இல்லையென்றால் படத்தை ஜெமினி, ஜிபிடி மாதிரி கிளவுடில், அதாவது அந்தந்த நிறுவனத்தின் கணினிகளில் ஓடும் பெரிய மாடலுக்கு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்கும் வழி) வழியாக அனுப்பிப் பதில் வாங்கலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

போன் மாடலின் நல்லது தெரிந்ததுதான். நெட் வேண்டாம், படம் வெளியே போகாது, படத்துக்கு இவ்வளவு என்று காசு இல்லை. மொபைல்நெட் மாதிரி போனுக்கென்றே செய்த மாடல் ஒன்றைச் சுருக்கினால் சில எம்பியில் அடங்கிவிடும்.

இடிப்பது பயிற்சிக்கான படங்களில். இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிளான்ட்வில்லேஜ் என்ற இலைநோய்ப் படத் தொகுப்பில்தான் கைவைப்பார்கள். 54,306 படங்கள், 14 பயிர்கள். தக்காளி, குடைமிளகாய் இருக்கிறது. ஆப்பிள், செர்ரி, புளூபெர்ரிகூட இருக்கிறது. வெண்டை இல்லை, கத்தரி இல்லை, கறிவேப்பிலை, மல்லி, செம்பருத்தி எதுவும் இல்லை. சென்னை மொட்டைமாடியில் செர்ரி யார் வளர்க்கிறார்கள்? போதாததற்கு அவை இலையைக் கிள்ளித் தனியாக வைத்து எடுத்த படங்கள். 2016-இல் வந்த ஆய்வில், அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்ன மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. நம் படங்களில் இலைக்குப் பின்னால் துணிக்கொடி, தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா எல்லாம் வரும்.

சரி, நாமே படம் சேர்க்கலாமே என்றால், எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது அந்த வேலைதான். ஒருவர் புதிதாகப் புடலை வைக்கிறார் என்று வையுங்கள். புடலையின் நோய்ப் படங்கள் வேண்டும். இது சாம்பல் நோய், இது தேமல் என்று பெயரிட விவரம் தெரிந்த ஆள் வேண்டும். மறுபடி பயிற்சி. ஏற்கெனவே சரியாகச் சொன்ன தக்காளி கெட்டுப்போகவில்லையா என்று சோதனை. பிறகு புது வெர்ஷன். அதை எல்லோரும் அப்டேட் செய்ய வேண்டும். அடுத்தவர் வந்து பாகல் என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காரும் இரண்டு பேருக்கு இது கட்டுப்படியாகாது.

கிளவுடில் புடலைக்கென்று செய்ய வேண்டியது, மாடலுக்கென்று எங்கள் சர்வரில் எழுதிவைத்திருக்கும் அறிவுறுத்தலில் நாலு வரி சேர்ப்பது. அவ்வளவுதான். அதற்காகப் பராமரிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய மாடல்களை அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள். புதியது அதே படத்துக்கு வேறு பதில் சொல்லும். அதனால் நோய் உறுதியாகத் தெரிந்த படங்களைத் தனியாக வைத்திருக்கிறோம். மாடல் மாறும்போதெல்லாம் அத்தனையையும் ஓட்டிப் பார்ப்போம். ஒரு சாயங்கால வேலை. ஏபிஐ சாவியை (அந்த மாடலை நம் கணக்கில் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) ஆப்புக்குள் வைக்கக் கூடாது, சர்வரில்தான் வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதிலின் தரம் படத்தோடு என்ன அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது. மஞ்சளான வெண்டை இலையின் படத்தை மட்டும் கொடுத்தால், "தண்ணீர் அதிகம், குறையுங்கள்" என்றது. கத்திரி வெயிலில், தேங்காய் நார் நிரப்பிய குரோபேக் பையில் தண்ணீரைக் குறைத்தால் செடி என்னாவது? கடைசியாகத் தண்ணீர், உரம் வைத்த தேதிகள், பையின் அளவு, கலவை, மாதம் எல்லாவற்றையும் குறிப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து அனுப்பியதும், சத்துக் குறைவாக இருக்கலாம், அடி இலையா நுனி இலையா பாருங்கள் என்று திரும்பியது. நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதற்கும் மாடல் வேப்பெண்ணெய் என்றது. "எதைக் காட்டினாலும் வேப்பெண்ணெய் அடிங்கன்னுதான் சொல்லுது தம்பி" என்று ஒரு அக்கா அலுத்துக்கொண்டார். வைரஸ் என்று சந்தேகம் வந்தால் மருந்து சொல்லாதே, இலையின் அடிப்பக்கப் படம் கேள் என்று அறிவுறுத்தலில் எழுதிவைத்தோம். ரசாயன மருந்தின் பெயரும் அளவும் எப்போதும் சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு.

தண்ணீர் நினைவூட்டலில் ஏஐயே இல்லை. மாதம், பையின் அளவு, மழை உண்டா இல்லையா, இவ்வளவுதான் கணக்கு. எந்த வழியில் போனாலும் இது ஒன்றுதான். பேட்டரி சேமிக்கிறேன் என்று சில போன்கள் அந்த அலாரத்தையே அமுக்கிவிடுவது, ஏஐயைவிடப் பெரிய தலைவலி.

செலவு இப்போதைக்குக் கையைக் கடிக்கவில்லை. ஆனால் எங்களிடம் இருப்பது சில வீடுகள்; ஆயிரம் பேர் தினமும் படம் போட்டால் கணக்கு எப்படி வரும் என்பதற்கு என் அனுபவம் சாட்சியாகாது. ஐபோனில் இன்னும் கைவைக்கவில்லை.

ஊருக்கு வெளியே, டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில், நிழல்வலைக்குள் தக்காளி மட்டும் போடுகிறவர் கேட்டால் போன் மாடலைத்தான் சொல்வேன். பயிற்சிக்கான படங்களை மட்டும் அந்த வலைக்குள்ளேயே, காலை வெளிச்சத்திலும் உச்சி வெயிலிலும் எடுத்துக்கொள்ளட்டும்.