ஹாஃப் கிளவுஸுக்கு எந்த நூல்: பருத்தியா, அக்ரிலிக்கா, கம்பளியா?

அக்கா மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அக்டோபரில் ஒருநாள் வீடியோ காலில் வந்து, "சித்தி, இங்க இலையெல்லாம் மஞ்சளாக் கொட்டுது, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் ஸ்டாப்புல நின்னா கை வெறச்சுப் போகுது. கிளவுஸ் போட்டா போனைத் தட்ட முடியல" என்றாள். இங்கே மதுரையில் ஐப்பசி மழை விட்ட புழுக்கம். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். விரல் வெளியே தெரிகிற மாதிரி ஹாஃப் கிளவுஸ் குரோஷாவில் போட்டுத் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். எந்த நூல் என்று முடிவெடுக்கத்தான் மூன்று ஜோடி ஆனது. ஒரே அளவு, ஒரே 4 மி.மீ. ஊசி, நூல் மட்டும் வேறு.

பருத்தியில் ஆரம்பித்தது ஊர்ப்பாசம். மதுரையின் பஞ்சாலையான ஹார்வி மில் சங்குச் சத்தத்தில் நேரம் பார்த்த வீடு எங்களுடையது. தையல் டப்பாவில் ஆங்கர் நூல் இல்லாமல் இருந்ததே இல்லை. போட்டு முடித்ததும் மூன்றில் அழகானதும் இதுதான். ஒவ்வொரு கண்ணியும் கோலப்புள்ளி போல எண்ணுகிற தெளிவில் நிற்கும். ஆனால் கிளவுஸ் என்பது மேசை விரிப்பு இல்லையே. விரல் முட்டிகளைத் தாண்டும்போது விரிந்து, மணிக்கட்டுக்கு வந்ததும் சுருங்கிப் பிடிக்க வேண்டும். பருத்தி விரியும், திரும்பி வராது. மூன்றே நாளில் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஆடியது. நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. தூறல் ஓயாத ஊருக்கு இதை அனுப்பினால் என்னைத்தான் திட்டுவாள்.

அக்ரிலிக்கைக் குறை சொல்லவும் மனசு வராது. மலிவு, எந்தக் கடையிலும் பத்து நிறம் கிடைக்கும், வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கலாம், கம்பளி பட்டால் அரிப்பவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். உரசுகிற இடத்தில் சின்னச் சின்னப் பஞ்சுருண்டை எழும்பும், அது போகட்டும். நான் கெடுத்தது வேறு வழியில். மூட்டிய இடம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால், இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும்படி வரிவரியாக நின்ற ‘ரிப்’ பின்னல் அப்பளம் மாதிரிப் படுத்துவிட்டது. இழுத்தால் தொளதொளவென்று வருகிறது, விட்டால் அப்படியே கிடக்கிறது. அக்ரிலிக் பிளாஸ்டிக் குடும்பம். சூட்டில் ஒருமுறை இளகினால் பழைய துள்ளல் வரவே வராது. கழுத்துத் துண்டுக்கு அந்தத் தொய்வை வேண்டுமென்றே வரவழைக்கிறவர்களும் உண்டு. கிளவுஸுக்கு அது சாவு.

கம்பளி இங்கே அபூர்வச் சரக்கு. நம் பக்கத்துச் செம்மறியின் முடி நூலுக்கு ஆகாது, அந்த ஆடு கறிக்குத்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் கம்பளிக்கென்று பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். நான் மெரினோ நூலை ஆன்லைனில் வாங்கினேன்; விலை அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு. பின்னுவதும் சுகமில்லை, வியர்த்த கையில் இழை ஒட்டிக்கொள்கிறது. கையில் மாட்டியதும் அந்தக் கோபம் போய்விட்டது. இழுத்தால் வருகிறது, விட்டால் தானே திரும்புகிறது. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் குடித்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது என்பது இதன் தனிக்குணம். ஒரு எச்சரிக்கை: சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் இறுகிக் குழந்தை அளவுக்குச் சுருங்கும். ஹாஸ்டல் மெஷினை நம்ப முடியாது என்பதால் மெஷினில் துவைத்தாலும் இறுகாதபடி பதப்படுத்திய, ‘சூப்பர்வாஷ்’ என்று லேபிளில் போட்டதைத்தான் எடுத்தேன். கிளவுஸுக்கு என் ஓட்டு இதற்கே.

நூலுக்கு இணையாகப் பின்னுகிற திசையும் முக்கியம். குழாய் போல வட்டமாகப் போட்டுக் கட்டைவிரலுக்கு ஓட்டை விடுவது பார்க்க நேர்த்தி. ஆனால் கை அளவு துல்லியமாகத் தெரிய வேண்டும். அவள் கையோ கடல் தாண்டி இருக்கிறது. அதனால் நீளவாக்கில் செவ்வகம். 30 செயின் (சங்கிலிக் கண்ணி), அதன்மேல் ஹாஃப் டபுள் (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிப் போடும் கண்ணி; இது அமெரிக்கப் பெயர்). கண்ணித் தலையில் தெரியும் இரண்டு இழையில் பின் இழையை மட்டும் எடுத்துப் போட்டால் ரிப் தானாக வரும். உள்ளங்கைச் சுற்றளவுக்கு 2 செ.மீ. குறைவாக நிறுத்தி, மடித்து மூட்டும்போது கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டுவிட வேண்டியதுதான். இன்னொன்று: அமெரிக்கக் குறிப்பில் ‘டபுள்’ என்பது பிரிட்டன் குறிப்பில் ‘டிரெபிள்’. இது தெரியாமல் பின்னினால் முழங்கைக்குத்தான் உறை கிடைக்கும்.

ஜோடிக்கு என்ன சேர்ப்பது? தொப்பி அவள் கொண்டைக்கு மேல் நிற்காது. நீள மஃப்ளர் 200 கிராமுக்கு மேல் நூல் தின்னும். அதே ரிப்பில் காதை மூடும் தலைப்பட்டை போதும். மிச்ச நூலிலேயே முடிந்தது. இரண்டு 50 கிராம் உருண்டையையும் லேபிளில் ஒரே சாய எண் பார்த்து வாங்கியிருந்தேன். இல்லாவிட்டால் கிளவுஸ் ஒரு அரக்கு, பட்டை ஒரு அரக்கு என்று ஆகியிருக்கும்.

கம்பளி செட் பார்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆடுகிற அந்தப் பருத்தி ஜோடியை நான் எடுத்துக்கொண்டேன். பகல் பதினோரு மணிக்குக் காளவாசல் சிக்னலில் ஸ்கூட்டியில் நிற்கும்போது, கை கருக்காமல் இருக்க அதுதான் மாட்டுகிறேன்.