வேலையை வாங்கிக்கொள்வதா, பக்கத்தில் உட்காருவதா?

திருப்பூரில் ஏற்றுமதித் தேதி நெருங்கினால் ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேற்றும்வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மேசைதான் முதலில் திணறும். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வரும்; கப்பல் தேதி மட்டும் நகராது. அப்படித் தவிக்கும் சக ஊழியருக்கு எப்படிக் கைகொடுப்பது?

அவருடைய வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளலாம். அன்றிரவே பாரம் குறையும். காய்ச்சல் நாளில் இதுவே சரி.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். என் மனம் இதன் பக்கம்தான். பேக்கிங் பட்டியலில் தொடர்ந்து தவறு செய்த தம்பி ஒருவனின் வேலையை ஒருமுறை நானே முடித்துக் கொடுத்தேன். "என்மேல் நம்பிக்கை இல்லைங்களா, அக்கா?" என்றான். குரல் உடைந்திருந்தது. "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்டிருந்தால், மூன்று வாரமாக அவன் தூங்கவில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. டீக்கடைக்கு அழைத்துப் போய், அறிவுரை சொல்லாமல், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். விரக்தி நீடித்தால் நம் ஆறுதல் மட்டும் போதாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அவன் கைப்பேசியில் நானே பதிந்து கொடுத்தேன். பேக்கிங் பட்டியலை இப்போது இருவரும் சேர்ந்து சரிபார்க்கிறோம்.