தொண்டை ஸ்வாப் கல்ச்சர்: லேப் ரிப்போர்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சளி, தும்மல், குரல் கம்மலோடு வரும் தொண்டைவலி பெரும்பாலும் வைரஸ். அதற்கு இந்த டெஸ்ட் (தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, ஒட்டிய கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) வீண் செலவு. இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நெறிகட்டு என்றால் எடுக்கலாம்.

லேபின் தரம் ஸ்வாப் எடுக்கும்போதே தெரிந்துவிடும். நாக்கை அழுத்திப் பிடித்து, இரண்டு டான்சிலையும் பின்தொண்டைச் சுவரையும் நன்றாகத் தேய்க்க வேண்டும், குமட்டத்தான் செய்யும். நாக்கிலும் கன்னத்திலும் பட்டால் வாய்க்கிருமிகள் வளர்ந்து தேடுவதை மறைத்துவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

கிருமியை வளர்க்கும் கூழ் செம்மறி ஆட்டு ரத்தம் சேர்த்த அகாரா என்று கேளுங்கள். அதற்குப் பதில் ரத்த வங்கியில் மிஞ்சிய மனித ரத்தம் என்றால், அதில் ஆன்டிபாடியோ மருந்தோ இருக்கலாம். கிருமி ரத்த செல்களைச் சிதைக்கும் ஹீமோலிசிஸ் வளையம் தெளிவாக விழாமல், இந்த டெஸ்ட் தேடும் தொண்டைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் தப்பிவிடும். 24 மணி நேரத்தில் எதுவும் வளராவிட்டாலும் 48 மணி வரை வைத்துப் பார்க்கும் லேபே நல்லது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் ('சென்சிடிவ்'), எதற்கு அடங்காது ('ரெசிஸ்டன்ட்') என்று சொல்லும் சென்சிடிவிட்டி பகுதிதான் காசுக்கு மதிப்பு. பயோஜீன்ஸுக்கு 'பெனிசிலின் ரெசிஸ்டன்ட்' என்று வந்தால் முதலில் லேபைச் சந்தேகியுங்கள், மறுபடி செய்யச் சொல்லுங்கள். எரித்ரோமைசின் ரெசிஸ்டன்ட் என்றால் கடையில் கேட்டதும் தரும் அசித்ரோமைசினும் பலிக்காது. அப்போது கிளிண்டாமைசின் 'சென்சிடிவ்' என்பதை டி-டெஸ்ட் இல்லாமல் நம்பக்கூடாது: கிருமி வளரும் தட்டில், 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் மருந்து ஏற்றிய வில்லையிலிருந்து 12 மி.மீ. தள்ளி 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வில்லை வைப்பார்கள். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையானால் ரெசிஸ்டன்ட்தான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு கிருமி பலர் தொண்டையில் சும்மா குடியிருக்கும். அதற்கும் நீள மருந்துப் பட்டியல் அச்சிடும் ரிப்போர்ட் தீங்கே செய்கிறது.

இந்த டெஸ்டின் பெரிய குறை, பயோஃபிலிமைக் கணக்கில் எடுக்காதது. டான்சில் குழிகளுக்குள் கிருமிகள் தாமே சுரந்த படலத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். உள்ளிருப்பவை மெதுவாக வளரும். பெனிசிலினோ, வளரும் செல் சுவர் கட்டுவதைத்தான் தடுக்கும். வில்லை டெஸ்ட் சுறுசுறுப்பாக வளரும் கிருமியை மட்டுமே அளப்பதால், ரிப்போர்ட்டில் 'சென்சிடிவ்' என்றிருந்தும் நோய் திரும்பலாம். ஆராய்ச்சி லேபில் 96 குழித் தட்டில் வளர்த்து, கழுவி, 0.1% கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றி 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளப்பார்கள். அது படலம் எவ்வளவு என்று காட்டும், எந்த மருந்து என்று காட்டாது, நோயாளிக்குப் பயனில்லை. மறுபடி மறுபடி வந்தால் இன்னொரு கல்ச்சருக்குப் பதில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது அடுத்தடுத்த 2 வருடங்களில் தலா 5 முறை என்றால் டான்சில் அறுவை பற்றிப் பேச வேண்டிய நிலை.