சுங்கை சிப்புட் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களே, குளம்பைத் தொடாமல் ஊசி போடும் இந்த ‘டாக்டரிடம்’ ஜாக்கிரதை

சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை விடுகிறவர்கள் ஒரு கைப்பிடிதான் இருப்போம், அந்த ஆள் நம்மில் பல பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

எங்கள் குதிரை முன்பு பந்தயத்தில் ஓடியது, ஓய்வு கொடுத்தபின் ஈப்போவிலிருந்து வாங்கி வந்தோம். போன மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்து ஓரமெல்லாம் ஒரே சேறு. முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக நடந்தது, விடிந்ததும் பார்த்தால் வலது முன்னங்காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது, குளம்பு நுனியை மட்டும் தரையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், “பந்தயக் குதிரைக்கே வைத்தியம் பார்த்தவராம், நம்ம ஆளுதான்” என்று நம்பர் கொடுத்தார்.

வந்தவர் லாயத்துக்கு வெளியே நின்றபடியே, “நரம்பு அறுந்துபோச்சுங்க ஐயா” என்றார். காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, குளம்பைத் தொடவே இல்லை. லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஒரு ஊசி, அப்புறம் தீவனத்தில் கலக்க ஒரு பொடி, மொத்தம் 650 ரிங்கிட். ரசீது கேட்டதற்கு வாட்சாப்பில் அனுப்புகிறேன் என்றார், இன்னும் வருகிறது.

மறுநாள் குதிரை நடந்தது. எங்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மருந்தின் வேகம் குறைந்ததும் பழையபடி மூன்று கால். போன் அடித்தால் எடுப்பதில்லை. கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, “இனி இது தேறாதுங்க, சும்மா தீனி போட்டு என்ன செய்யப் போறீங்க, 800 வெள்ளிக்கு நானே எடுத்துக்கிறேன்” என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

ஈப்போவிலிருந்து பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் முதலில் காலைத் தூக்கினார். குளம்புக்கு மேலே பின்பக்கம் இரண்டு விரலை வைத்து என்னையும் வைக்கச் சொன்னார். நல்ல காலில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இந்தக் காலில் விரலைத் தள்ளுகிற மாதிரி அடித்தது, குளம்பும் கொதித்தது. அந்த ஆள் சொன்ன நரம்பு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வீங்கிச் சூடாக இருக்கும், அங்கே ஒன்றுமே இல்லை என்று காட்டினார். லாடத்தைக் கழற்றி, பெரிய கிடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார், ஓர் இடத்தில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. அந்த இடத்தைக் கத்தியால் லேசாகச் சீவியதும் கறுப்பாகச் சீழ் வந்தது, நாற்றம் சொல்லி மாளாது. சேற்றில் ஊறி மெத்தென்று ஆன குளம்புக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கிறது, சீழ் வெளியேற வழியில்லாததால்தான் அந்த வலி.

வெந்நீரில் எப்சம் உப்புப் போட்டுக் குளம்பை ஊறவைத்து, குழந்தைப் பெம்பர்ஸ் வைத்துச் சுற்றி டேப் ஒட்டிக் காய்ந்த தரையில் நிறுத்தினோம். டெட்டனஸ் ஊசியும் போட்டார். குதிரை இப்போது ஓடுகிறது.

ஈப்போ டாக்டருக்குக் கோபம் வந்தது அந்த ஆளின் லேபிள் இல்லாத பாட்டிலால்தான். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் அவரால் வலி மருந்துகூட உடனே கொடுக்க முடியவில்லை, ஒரே வகை மருந்து இரண்டு சேர்ந்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். ஸ்டீராய்டாக இருந்திருந்தால், குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சதையே அழற்சி கண்டு விட்டுப்போகும் அபாயமும் உண்டாம். அப்படி ஆனால் குதிரை அவ்வளவுதான்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்தான் இந்தத் தொழில் செய்யலாம். யார் வந்தாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஊசி போடுமுன் பாட்டிலைப் போட்டோ எடுங்கள். எடுக்க விடாவிட்டால் கேட்டைத் திறந்து விட்டுவிடுங்கள், போகட்டும்.

ஆள் பெயரை இங்கே போடவில்லை, தனியாகக் கேட்டால் சொல்கிறேன். மன்றத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம், இன்னும் இரண்டு குடும்பம் சேர்வதாகச் சொல்லியிருக்கிறது. அவர் கொடுத்த பொடி வீட்டில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாமல் பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள், புகாருக்குத் தேவைப்படும்.