ஆன்டிபயாட்டிக் கணக்கு: கிராமா, நாளா?

பெங்களூரு மருத்துவமனை பார்மசிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் இது. வார்டுகளில் ஆன்டிபயாட்டிக் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க டிடிடி (Defined Daily Dose, மருந்தின் கிராமை வைத்துப் போடும் கணக்கு) நல்லதா, டிஓடி (Days of Therapy, மருந்து போட்ட நாளை வைத்துப் போடும் கணக்கு) நல்லதா?

டிடிடி சுலபம். மொத்தம் செலவான கிராமை, உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துக்கு வைத்திருக்கும் ஒரு நாள் அளவால் வகுத்தால் சரி. ஸ்டோர் பதிவேடு போதும். ஆனால் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு அந்த அளவு 2019-ல் 2 கிராமிலிருந்து 3 கிராம் ஆனது. தினம் 3 கிராம் வீதம் 5 நாள் போட்டவருக்குப் பழைய கணக்கில் 7.5 டிடிடி, புதிய கணக்கில் 5. இதைக் கவனிக்காமல் பல வருடத் தரவைச் சேர்த்து வரைந்தால், யாரும் எதையும் குறைக்காமலே கோடு இறங்கும். மேலிடத்தில் பாராட்டுகூடக் கிடைக்கும்! சிறுநீரகம் பழுதாகி டோஸ் குறைத்தவருக்கும் கணக்கு குறைத்தே காட்டும். குழந்தைகள் வார்டுக்கு இது சுத்தமாக ஒத்துவராது.

டிஓடி நாளை எண்ணுகிறது. டோஸ் எவ்வளவானாலும் 5 நாள் என்றால் 5. கூடவே வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் அந்த 5 நாளும் ஓடினால் 10. இதற்கு நோயாளிவாரியாகப் பதிவு வேண்டும், காகித சார்ட்டில் அதைத் திரட்டுவது பெரும்பாடு. அப்புறம், இரண்டு மருந்தை நிறுத்திவிட்டு வீரியமான ஒன்றைப் போட்டாலும் எண் பாதியாகிவிடும்.

கம்ப்யூட்டர் பதிவு இருந்தால் என் ஓட்டு டிஓடிக்கு. காகிதம்தான் என்றால் டிடிடி. எல்லா வருடத்துக்கும் ஒரே அளவைப் போட்டு, குழந்தைகள் வார்டை விலக்கிவிட்டு.